கட்டும் நூலே கடையின் வலிமை
(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உழவை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு வைக்கோற்போர் ஒரு காலத்தில் செல்வத்தின் அடையாளமாக விளங்கியது. அரிவாளால் அறுத்து, களத்தில் அடித்து, நீண்ட தாளாகக் கிடைத்த வைக்கோலைப் போர் போடத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் இருந்தனர். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் நெல்லைப் பிரித்துத் தந்துவிடுகிறது. வைக்கோலோ நசுங்கி, வரிசை வரிசையாக வயலிலேயே கிடக்கிறது. அதை வாரிக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. கூலிக்கு அஞ்சிச் சிலர் தீயிட்டு விடுகின்றனர். மாட்டுக்குரிய உணவும், தாளில் ஒதுங்கியிருக்கும் எண்ணற்ற சிற்றுயிர்களும் அத்தீயில் ஒருசேர அழிகின்றன.

இக்குறையைத் தீர்க்க வந்ததே 'பேலர்' எனப்படும் வைக்கோல் கட்டும் இயந்திரம். டிராக்டரின் பின்புறம் பூட்டப்பெற்று, அதன் பி.டி.ஓ. தண்டிலிருந்து விசை பெற்று இயங்குவது இது. சுழலும் பற்களால் வைக்கோலை வாரி, உள்ளே உருட்டி இறுக்கி, நூலைச் சுற்றி, உருளைக் கட்டாக வெளியே தள்ளும். சதுரக் கட்டு இயந்திரம் வைக்கோலை அழுத்தி, நூலால் முடிச்சிட்டுத் தரும். இவ்வியந்திரங்களையும் அவற்றுக்குரிய நூல், உதிரிப் பாகங்களையும் விற்பது இன்று சிற்றூர் சார்ந்த நல்ல தொழிலாக வளர்ந்து வருகிறது. அத்தொழிலில் இறங்குவோர் அறிய வேண்டிய பழைய வரலாறு ஒன்று உண்டு.

1870களில் அமெரிக்காவில் கோதுமையை அறுத்துக் கட்டிய இயந்திரங்கள் மெல்லிய இரும்புக் கம்பியைக் கொண்டு அரிகளைக் கட்டின. அறுந்த கம்பித் துண்டுகள் தீவனத்தோடு கால்நடைகளின் வயிற்றுக்குள் சென்றன. மாவு ஆலைகளிலும் அவை தொல்லை தந்தன. உழவர்கள் கம்பியை வெறுத்தனர். அந்நிலையில் ஜான் ஆப்பிள்பி என்பவர் நூலால் முடிச்சிடும் கருவியை வடிவமைத்தார். வில்லியம் டீரிங் என்னும் தொழிலதிபர் அதன் உரிமையைப் பெற்று, 1880ஆம் ஆண்டு அறுவடைக்கு ஏறத்தாழ 3000 இயந்திரங்களை விற்றார். விற்றதோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. நூல் சீராக இல்லையெனில் இயந்திரம் வயலில் பயனற்று நின்றுவிடும். ஆகவே, ஏற்ற நூலைத் திரித்துத் தருமாறு பிலடெல்பியா நகரின் கயிற்று ஆலை உரிமையாளர் ஒருவரை அவர் நாடினார். சில ஆண்டுகளில் கம்பி வழக்கொழிந்தது. இன்றைய சதுரக் கட்டு இயந்திரங்கள் முடிச்சிடும் முறைக்கும் அக்கருவியே முன்னோடி.

அன்று கம்பி செய்த தீங்கை இன்று நெகிழி நூல் செய்கிறது. சணல் நூலைவிட மலிவாகவும் அறாமலும் இருப்பதால் அதை நாடுவோர் உளர். அவிழ்க்காமல் விட்ட நெகிழி நூலை மாடு வைக்கோலோடு சேர்த்து விழுங்குகிறது. அது செரிப்பதில்லை, இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்கிறது. வாய் பேசாத அவ்வுயிரின் துன்பம், நூலை விற்ற கடைக்காரர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. உயிர்களுக்கு ஊறு செய்யாத தொழிலைத் தேர்ந்து வாழ்ந்த மரபினர்க்கு இது சிறிய செய்தியன்று. சணல் நூலை மட்டுமே விற்பேன் என்று ஒரு வணிகர் உறுதி கொண்டால், ஒவ்வொரு பந்திலும் அவருக்குச் சில ரூபாய் குறையலாம். அந்த இழப்பைத் தாங்குமாறு தொடக்கத்திலேயே கணக்கிடுவது அவர் கடமை.

இனி, உழவர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்து இயந்திரம் வாங்குகிறார் எனக் கொள்க. சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. காய்ந்த வைக்கோலைக் கட்டச் சில நாள்களே உண்டு. ஒரு மழை பெய்தால் வைக்கோல் கறுத்துப் பூஞ்சணம் பற்றும். ஈரத்தோடு கட்டினால் கட்டுக்குள்ளேயே வெந்து கெடும். அத்தகைய நாளில் ஒரு செயின் அறுந்து, ஒரு பேரிங் தேய்ந்து, இயந்திரம் நின்றுவிட்டால் அவர் யாரிடம் போவார்? 'சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும்' என்று கடைக்காரர் சொன்னால், அப்பருவத்தின் வருவாயும் வட்டி கட்டும் வழியும் அந்த ஒரு வாரத்திலேயே போய்விடும்.

ஆகவே, இத்தொழிலை இயந்திரத்திலிருந்து தொடங்காமல் நூலிலிருந்தும் உதிரிப் பாகத்திலிருந்தும் தொடங்குவதே நன்று. முதற்பருவத்தில் இளைஞர் ஓர் இயந்திர ஓட்டுநரோடு வயலுக்குச் சென்று, எது அடிக்கடி பழுதாகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேலர்கள் உள்ளன, எந்த நிறுவனத்தவை, எத்தனை குதிரைத்திறன் டிராக்டர்களில் ஓடுகின்றன என்று எண்ணிப் பட்டியலிட வேண்டும். அதன் பிறகு சணல் நூல், செயின், பேரிங், பற்கள், கிரீஸ் ஆகியவற்றை அறுவடைக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். சணல் ஈரத்துக்கும் எலிக்கும் இரையாவது. எனவே தரையில் படாமல் பலகை மேல் அடுக்குதல் வேண்டும். பழுது நீக்கத் தெரிந்த ஒருவரைப் பருவம் முழுதும் உடன் வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது.

வாடிக்கையாளரின் நம்பிக்கை வளர்ந்த பின்னரே இயந்திர விற்பனைக்கு முகவராகலாம். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், உதிரிப் பாகங்கள் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வழியே உழவர்க்குக் கிடைக்கும் மானிய விதிகளை அறிந்து, உள்ளதை உள்ளவாறு கூற வேண்டும். சிறிய டிராக்டர் வைத்திருப்பவரிடம் அதன் ஆற்றலுக்கு மீறிய இயந்திரத்தைத் தள்ளிவிடுதல் தகாது. ஐந்து ஏக்கர் மட்டும் உடையவர், வாடகைக்கு ஓட்டும் எண்ணமும் இல்லாமல் வாங்க வந்தால், 'உங்களுக்கு இது வேண்டாம், ஐயா. வாடகைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் துணிவு வேண்டும். அன்று ஒரு விற்பனை போகும். ஆனால் வாடகைக்கு ஓட்டும் அண்டை ஊர்க்காரர் நூல் வாங்க அக்கடைக்கே வருவார்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்கள் இருந்தாலும், கல்லா நிறையும் நாள்கள் ஆண்டில் சிலவே. கடனுக்குக் கொடுத்த நூலின் பணம் வைக்கோல் விற்ற பிறகே திரும்பும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கைமுதல் இல்லாதவர் அவசரப்பட்டுக் கடை திறத்தல் கூடாது.

தை மாதத்து மாலையில், மேகம் திரளும் வேளையில், எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஓடிவரும் உழவர்க்கு உரிய பாகத்தை உடனே எடுத்துத் தரக்கூடிய கடை ஒன்று வட்டாரத்தில் இருக்குமானால், பல ஏக்கர் வைக்கோல் தீக்கும் மழைக்கும் தப்பி மாட்டுக் கொட்டிலைச் சேரும். அத்தகைய கடையை நடத்த இந்த அவையிலிருந்து ஒருவரேனும் முன்வருவாராக.