முன்னோடி: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழா மேடைகளில் மிகுதியாக ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'முன்னோடி' என்பது. அகவையில் மூத்தாரும், பதவியில் உயர்ந்தாரும், நூல் பல எழுதினாரும் ஒருங்கே முன்னோடி எனப் போற்றப் பெறுகின்றனர். எல்லார்க்கும் சூட்டும் மாலையால் எவர்க்கும் பெருமை இல்லை. பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டம், தான் எவரை முன்னோடி என்கிறது என எண்ணிப் பார்த்தல் தகும்.

முன் + ஓடு + இ என்பது இச்சொல்லின் பகுப்பு. ஈற்றில் நிற்கும் இகரம் வினைமுதற்பொருள் விகுதி. வானம்பாடி, நாடோடி, வழிகாட்டி என்பனவும் இவ்வாறு அமைந்தனவே. 'முன்னோர்' என்பதில் காலம் உண்டு; தொழில் இல்லை. நமக்கு முன் பிறந்தார் அனைவரும் முன்னோரே. 'முதல்வர்' என்பதில் வரிசை உண்டு. அதிலும் தொழில் இல்லை. முன்னோடி என்பதில்தான் ஓடுதல் என்னும் வினை உள்ளது. அன்றியும், பின் என ஒன்று இருந்தாலன்றி முன் என்பதற்குப் பொருளில்லை. தனியே ஓடினவர் ஓடினவரே. அவர் சென்ற வழியில் பிறர் வரத் தொடங்கிய பின்னரே முன்னோடி ஆகின்றார். அப்பெயரை அவருக்கு ஈட்டித் தருவோர் பின்வருவோரே.

போர்க்களத்தும் இக்கருத்து உண்டு. முன்செல்லும் படையைத் தமிழர் தார் என்றும் தூசி என்றும் வழங்கினர். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் வரும் 'தார்' என்பதற்குப் பரிமேலழகர் தூசி என்றே பொருள் கொண்டார். ஆங்கிலத்தில் இன்று பெருமைக்குரியதாய் வழங்கும் 'பயனீர்' என்னும் சொல்லும் படைக்கலச் சொல்லன்று; காலாளைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. கோடரியும் மண்வெட்டியும் ஏந்தி முன்சென்று, காடு வெட்டி, மேடு சமன்செய்து, பின்வரும் பெரும்படைக்குப் பாதை அமைத்த எளிய வீரர்க்கே அப்பெயர் வழங்கிற்று. 1780 இல் சென்னை மாகாணப் படையில் 'மதராஸ் பயனீர்' அணிகள் திரட்டப்பெற்றன. வெற்றி முழக்கம் தளபதிக்கு. பாதை போட்ட உழைப்பு இவர்களுக்கு.

ஆயினும் இச்சொல்லின் பொருளை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் கிழக்கே விரியும் கரிசல் நிலத்தில் 'முன்னத்தி ஏர்' என ஓர் அருமையான வழக்கு உண்டு. ஒரு புஞ்சையில் பல ஏர்கள் பூட்டி உழுங்கால், முதலில் செல்லும் ஏர் அது. கைப்பழக்கம் மிக்க உழவரும் நிதானம் தப்பாத மாடுகளுமே அதற்கு ஏற்றவர். அந்த ஏர் போடும் சால் கோணினால் பின்வரும் சால்கள் யாவும் கோணும். 'முன்னேர் எவ்வழி, பின்னேர் அவ்வழி' என்னும் பழமொழி இவ்வுண்மை பற்றி எழுந்ததே. காடு திருத்தி ஊர் கண்ட மக்களின் கதையைக் 'கோபல்ல கிராமம்' என 1976 இல் நூலாக்கிய கி. ராஜநாராயணனைக் கரிசல் எழுத்தின் முன்னத்தி ஏர் எனப் பின்வந்தோர் அழைத்தது எத்துணைப் பொருத்தம்!

இவ்வுவமையில் கவிஞர்கள் கருதற்குரிய நுட்பம் ஒன்று உண்டு. பின்னேர், முன்னேர் போட்ட சாலுக்குள்ளேயே ஓடுவதில்லை. அச்சாலை ஒட்டி, உழாத மண்ணில் தன் சாலைப் போடுகிறது. உழுத சாலிலேயே மீண்டும் உழுதால் நிலம் விரியாது. வழிபற்றுதல் வேறு, படியெடுத்தல் வேறு.

புதுக்கவிதை வரலாறு இதற்குச் சான்று. ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934 இல் மணிக்கொடியில் வெளிவந்தது. யாப்பை மீறிய அம்முயற்சி, ஓர் இயக்கமாகத் தழைக்கக் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1959 இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கிய பின்னரே இளங்கவிஞர் பலர் அவ்வழியில் திரண்டனர். 1962 இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வெளிவந்தது. தருமு சிவராமுவும் பசுவய்யாவும் சி. மணியும் பிச்சமூர்த்தியைப் போல் எழுதியவரல்லர். அவர்கள் தத்தம் சாலைப் போட்டமையாலேயே அவர் முன்னோடியாய் நிலைபெற்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணோ இச்சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் கற்பிக்கின்றது. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுள் ஆறாவது முதல் பதினைந்தாவது வரையுள்ள பத்தும் உறங்கும் தோழியரை எழுப்புவன. முன்னெழுந்தவள் தனியே நீராடச் செல்லவில்லை. ஒவ்வொரு வாயிலிலும் நின்று, அழைத்து, ஊடி, நகையாடி, எல்லாரையும் உடன்கொண்டே செல்கின்றாள். முன்செல்பவர் திரும்பி நின்று காத்திருத்தலும் முன்னோடிக்குரிய இலக்கணமே என்பது இதனாற் பெறப்படும். அவ்வாண்டாளின் வரலாற்றைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்த மால்யத' எனக் காவியமாக்க, அதனைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் இராசபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. பிராகிருதத்துக் 'காதா சப்தசதி'யையும் தமிழாக்கிய அவர், பிறர் அரிதிற் செல்லும் மொழிகளுக்குள் சென்று மீண்டு, தமிழர்க்கு வாயில் திறந்து வைத்தார்.

இன்று முன்னோடி வங்கி, முன்னோடித் திட்டம், முன்னோடி விவசாயி என அலுவலக வழக்கிலும் இச்சொல் புகுந்துள்ளது. இவற்றுள் முன்னோடி விவசாயி என்னும் வழக்குப் பாராட்டத்தக்கது. புதிய விதையைத் தம் நிலத்தில் முதலில் விதைத்து, இழப்பு நேரினும் தாமே ஏற்று, விளைந்தபின் அயலார்க்குக் காட்டுபவர் அவர். இலக்கிய மேடை மறந்த பொருளை வயல்வெளி மறக்கவில்லை.

எனவே ஒருவரை முன்னோடி என எழுதுமுன், அவர் போட்ட சால் எது, அதனை ஒட்டி உழுதவர் யாவர் என வினவுதல் வேண்டும். விடையில்லையேல் மூத்தவர், பெரியவர், அறிஞர் எனத் தமிழில் நல்ல சொற்கள் பல உள, அவற்றால் வாழ்த்தலாம். விடையுண்டேல், அவர் பெயர் எந்த மேடையிலும் ஒலிக்காததாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், தேடி எடுத்து இம்மலரில் பொறித்தல் கடன்.

இளங்கவிஞர்க்கு ஒரு சொல்: முன்னோடிக்குச் செலுத்தும் நன்றி பொன்னாடை அன்று, அவர் சாலை அடுத்து நீங்கள் போடும் புதிய சாலே அது. இன்னும் உழாத நிலம் மிகுதியாய்க் கிடக்கிறது.