நாட்டுப் பாடலும் ஓர் இல்லறமும்

பெங்களூரில் நெசவாலைகள் செழித்திருந்த காலத்தில் வேலை தேடி வந்த தமிழர் பலர் ஒக்கலிபுரத்தில் குடியேறினர். பாத்திர பண்டங்களோடு தத்தம் ஊர்ப் பாட்டையும் கொண்டு வந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த முதுபெண்டிர் சிலர் இங்கு இன்னும் உளர்; பேரப்பிள்ளைகளோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கின்றனர். இச்செல்வம் நம் கண்முன்னே கரைவதைக் காணுங்கால், நாட்டுப் பாடலையே வாழ்நாட் பணியாகக் கொண்ட மதுரைத் தம்பதியர் இருவர் நினைவுக்கு வருகின்றனர்.

நவநீதகிருஷ்ணனும் விஜயலட்சுமியும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர்கள். சிற்றூர்தோறும் சென்று பாட்டுகளைத் திரட்டினர். திரட்டியவற்றை ஏட்டில் பூட்டி வைக்காமல் இருவருமாக மேடையேறிப் பாடினர். 2018-ஆம் ஆண்டில் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மேடையேறினால் நாட்டுப் பாட்டு கெட்டுவிடும் என்பாரும் உளர். ஓரளவுக்கு மெய்தான். நடவுப் பாட்டு குனிந்து நாற்று நடும் கையின் தாளத்துக்குப் பிறந்தது. ஏற்றப் பாட்டு இறைத்த சாலுக்குக் கணக்கு வைக்கப் பிறந்தது. ஒலிபெருக்கிக்கு முன் நிமிர்ந்து நின்று பாடினால் அந்த மூச்சு வாராது. ஆனால் ஏற்றம் போய் மின்பொறி வந்துவிட்ட பின், அப்பாட்டு வேறெங்கே போய்த் தங்கும்? கெட்டாலும் பிழைத்திருக்கட்டும் என்பதே நம் கட்சி.

அமெரிக்காவிலும் இப்படியொரு தம்பதியர் இருந்தனர். பூட்லோ பிரயண்டும் பெலிசும் 1945-இல் மணந்து, 1950-இல் நாஷ்வில் நகருக்குச் சென்று, பாட்டெழுதியே பிழைத்தனர். 1967-இல் அவர்கள் எழுதிய ‘ராக்கி டாப்’ என்னும் பாட்டை டென்னசி மாநிலம் 1982-இல் தன் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக ஏற்றது. அங்கே பாட்டுக்கு ஆசிரியர் பெயர் உண்டு. விற்பனையில் பங்கும் உண்டு. நம் நடவு வயலிலோ ஒருத்தி முதலடியை எடுப்பாள், அடுத்த அடி வேறொருத்தியின் வாயில் பிறக்கும். பங்கு யாருக்கு? திரட்டியவர் பெயர் ஒலிநாடாவின் உறையில் அச்சாயிற்று. பாடிக் கொடுத்த கிழவியின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை. இக்குறை எத்தனையோ திரட்டுகளில் உண்டு.

இன்று ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒக்கலிபுரத்துப் பாட்டிமார் பாடத் தொடங்குமுன், தம் பெயரையும், பிறந்த ஊரையும், அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிவு செய்யலாம். அதற்கு அரை நிமிடம் ஆகும்.