பந்து கொடுத்தவன் வரவில்லை
(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)



காலையிலிருந்து காதில் விழுவது ஒரே கேள்விதான்: "இப்ப எங்கே இருக்கே? என்ன சம்பளம்?" அதனால் ஒரு பழைய டீமைப் பற்றிச் சொல்கிறேன்.

1982-இல் அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழக அணி, ஜார்ஜ்டவுனை 63-62 என்று வென்று தேசியக் கல்லூரிப் பட்டம் பெற்றது. கடைசிக் கூடை போட்டவர் மைக்கேல் ஜோர்டன். ஆனால் அன்று அதிகப் புள்ளிகள், 28, எடுத்தவர் ஜேம்ஸ் வொர்த்தி. கூட ஆடியவர் சாம் பெர்கின்ஸ். பிறகு என்.பி.ஏ.வில் ஜோர்டனுக்கு 6 பட்டங்கள், வொர்த்திக்கு 3. பெர்கின்ஸ் 17 சீசன் ஆடினார். மூன்று முறை இறுதிப் போட்டி வரை போயும் பட்டம் இல்லை. ஆனாலும் 1991 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், கடைசி நொடிகளில் மூன்று புள்ளிக் கூடை போட்டு ஜோர்டன் அணியைத் தோற்கடித்தது அதே பெர்கின்ஸ்தான்! எதை வைத்து அளப்பது?

நமக்கெல்லாம் பந்து கொடுத்தே ஆடிய ஒருவன் இன்று வரவில்லை. "நீங்கள்லாம் பெரிய ஆளாயிட்டீங்கடா" என்றான் போனில். அடுத்த முறை சம்பளத்தை விசாரிக்க வேண்டாம். அவனைக் கையோடு கூட்டி வருவோம்.