காட்டுத் தீயும் மாற்று வழியும்
(நம் குஷாய்குடா தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறந்த ஊர் நோக்கிக் காரில் நெடுவழி செல்லும் பழக்கம் நம் குடியிருப்பில் பெருகிவிட்டது. ஆதலின், என் பயணம் ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். அதில் எனக்குப் பெருமை சேர்ப்பது ஒன்றுமில்லை.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, உதகையில் என் தங்கை மகளுக்குத் திருமணம். நான் தாய்மாமன். முதல்நாள் பிற்பகல் குண்டலுப்பேட்டையை அடைந்தோம். அங்கிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகை ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். ஆனால் கோபாலசாமி மலைப் பக்கம் வானமே மறைந்திருந்தது. தேநீர்க் கடையில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர், "புகைக்குள் யானை குறுக்கே வந்தால் தெரியாது, திரும்பிப் போங்கள்" என்றார்.

என் மகனோ, "அப்பா, இரவு ஒன்பது மணிக்குக் காட்டுச் சாவடியை அடைத்துவிடுவார்கள், இப்போதே கடந்துவிடலாம்" என்றான். பின்னிருக்கையில் இளைப்பு நோயுடைய என் மாமனார் இருமிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, எனக்காகப் பார்க்க வேண்டாம்" என்று அவர் சொன்னதே என்னைத் தடுத்தது. முந்திய ஆண்டு, 2018 மார்ச் 11இல், போடி அருகே குரங்கணி மலையில் தீயிடைச் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லையே! சாவடி வரை சென்று பார்க்கவும் நான் துணியவில்லை. காரைத் திருப்பச் சொன்னேன்.

சாமராஜநகர், ஆசனூர், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம், கோத்தகிரி: இதுவே மாற்று வழி. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இதுவும் காட்டு வழியே. தீயில்லாத காடு என்பதே வேறுபாடு. அன்றிரவு சத்தியமங்கலத்தில் தங்கினோம். மாமனார் இரவெல்லாம் இருமியதால், விடியுமுன் புறப்பட இயலவில்லை. உதகையை அடைந்தபோது மணி ஒன்பதரை. மாமன் முறையை என் சித்தப்பா மகன் செய்து முடித்திருந்தான். தங்கை, "அண்ணா, நீங்கள் ஒருநாள் முன்னதாகப் புறப்பட்டிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்றும் விடையில்லை. திரும்பியது பிழையன்று, ஒரே வழியையும் ஒரே நாளையும் நம்பிப் புறப்பட்டதே பிழை.

அந்தத் தீ பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. பிப்ரவரி 25இல் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்து நீர் சொரிந்தன. இலையுதிர்ந்து, புல் காய்ந்து, உண்ணிச்செடிப் புதர்கள் மண்டிய காட்டுக்கு ஒரு பீடித் துண்டு போதும்.

நமக்கு அருகிலும் இதே நிலைதான். ஸ்ரீசைலம், மூவர் பாடிய நம் திருப்பருப்பதம், நல்லமலைக் காட்டின் நடுவே உள்ளது. சிவராத்திரியோ இலையுதிர்ந்த கோடைத் தொடக்கத்தில் வருகிறது. மன்னனூர்ச் சாவடியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வழியில்லை. "கர்நூல் வழியாகச் சுற்றிப் போகலாம்" என்பார்கள். ஆத்மகூர், தோர்னாலா வழியும் அதே நல்லமலைக்குள்தான் செல்கிறது. உதகைக்கு எனக்கு வேறு வழி கிடைத்தது. இங்கே அதுவும் இல்லை. புகை கண்டால் அச்சம்பேட்டையிலேயே தங்கிவிடுவதுதான் மாற்று. அதற்கு விடுப்பில் ஒருநாள் மீதமிருக்க வேண்டும். முதியோர் மருந்தும் இரண்டு நாளுக்கு வேண்டும். கட்டுச்சோறு இங்கேயே கட்டிக்கொள்ளுங்கள். காட்டோரம் அடுப்பு மூட்டும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு என்பதைச் சங்கடத்தோடு சொல்கிறேன்.

வரும் சிவராத்திரிக்கு நாங்களும் புறப்படுகிறோம். இம்முறை என் தங்கை குடும்பமும் உடன் வருகிறது. இரண்டு நாள் முன்னதாகவே இங்கு வந்துவிடும்படி அவளுக்கு எழுதியிருக்கிறேன்.