சிப்பி வாய் திறப்பது எதனால்?
(கரியாலூரில் பேசியது)



கல்வராயன் மலையிலிருக்கும் நமக்குக் கடல் சிப்பியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். சந்திர தோஷமென்று பயமுறுத்தி, கடன் வாங்கியாவது முத்து மோதிரம் போடச் சொல்லுகிறவர்கள் இருக்கிறபடியால்தான் பேசுகிறேன்.

சுவாதி நட்சத்திரத்தில் சிப்பி வாய் திறந்து, மழைத்துளியை விழுங்கி, அது முத்தாகிறதென்று கதை சொல்லுகிறார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிப் பார்கள் சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்திலிருக்கின்றன. அவ்வளவு உப்புத் தண்ணீரைக் கடந்து மழைத்துளி மாத்திரம் தனியாய் எப்படிப் போய்ச் சேரும்? யோசித்துப் பாருங்கள்.

சிப்பியின் இரண்டு ஓடுகளும் சேருமிடத்தில் வில்லைப்போன்ற ஒரு கட்டு இருக்கிறது. அது ஓட்டைத் திறக்கவே பார்க்கும். இழுத்து மூடுவது உள்ளேயிருக்கும் தசை. தசை தளர்ந்தால் ஓடு தானே திறந்துகொள்ளும். செத்த சிப்பி வாய் பிளந்து கிடப்பதும் இதனால்தான். அதற்கு நட்சத்திரம் வேண்டியதில்லை.

அத்தசையில் இரண்டு பாகமுண்டு. ஒன்று சட்டென்று மூடும். மற்றொன்று மூடியதை விடாமல் பிடித்திருக்கும். இப்பிடிப்புத் தசை, நம் குடலிலுள்ளதைப்போல வரிகளில்லாத தசை. சாமை மூட்டையைச் சற்று நேரம் தூக்கி நின்றால் நம் கை சோர்ந்துபோகிறது. இந்தத் தசையோ மணிக்கணக்காய்ப் பிடித்திருந்தும் மிகக் கொஞ்சம் சக்தியையே செலவழிக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல. கடல் மட்டிகளில் ஆராய்ந்தவர்கள் காரணமும் கண்டிருக்கிறார்கள். நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரந்ததும் தசைக்குள் கால்சியம் கூடி, தசை சுருங்குகிறது. கால்சியம் குறைந்த பிறகும் பிடி தளர்வதில்லை. வேறு நரம்பு செரோடோனினைச் சுரந்தால்தான் தாழ்ப்பாள் விலகுகிறது.

1973-ல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். மெந்தாலால் சிப்பியின் தசையைத் தளரச் செய்து, உள்ளே ஒரு சிறு மணியையும் வேறு சிப்பியின் மேலுறைத் துண்டையும் வைக்கிறார்கள். அத்துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பூசும் பூச்சே முத்து. இதில் சந்திரனுக்கு என்ன வேலை?

முற்காலத்தில் முத்துக் குளிப்பில், மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிகளுக்குச் சிப்பியில் பங்கு கொடுத்தார்கள். மூச்சையடக்கி மூழ்கினவன் உழைப்பில் கரையிலிருந்தவனுக்குப் பங்கு! இன்று மோதிரம் விற்பவன் கேட்பதும் அதே பங்குதான்.

ஆகவே தோழர்களே! அடுத்த முறை அவன் வந்தால், இது சுவாதி மழையில் உண்டானதா, தூத்துக்குடி முறையில் உண்டானதா என்று கேளுங்கள். சரியான பதில் வருகிறவரையில் சாமை விற்ற காசு உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.