கருணைக்கு டயம் டேபிள் கிடையாது

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! திருவெண்ணெய்நல்லூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

பார்வையற்றோர் பஸ்ஸில் போய்வரப் பெரிதும் உதவுவது மனிதரின் கருணையா, முறையான ஏற்பாடா? கருணையே என்றார் எதிரணி அம்மையார். "கையைப் பிடித்து ஏற்றிவிட நாலு பேர் போதும்" என்றார். சரிங்க, விடியற்காலை 5 மணிக்கு ஸ்டாப்பிங்கில் அந்த நாலு பேர் இல்லையே, என்ன செய்வது? கருணைக்கு டயம் டேபிள் கிடையாதுங்க! (கைதட்டல்)

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிறார்: "திருக்கோவிலூர்... திருக்கோவிலூர்..." பார்வையற்றவருக்கு அந்தக் குரல்தான் போர்டு. ஆனா எப்போ கூவுவார்? சீட் காலியா இருந்தா! வண்டி நிறைஞ்சுட்டா விசில் மட்டும்தான். (சிரிப்பு)

கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு மின்பலகை. அதிலே எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு. அதன் பின்னாடி இவரும் ஓட முடியுமா? பெரிய எழுத்தில், பளிச்சென்று, நின்று நிதானமாகத் தெரிய வேண்டாமா?

2021 முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. நல்ல காரியம். ஆனால் எந்த வண்டி வருகிறது என்றே தெரியாவிட்டால், இலவசம் யாருக்கு?

2022 டிசம்பரில் சென்னை மாநகரப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கத் தொடங்கினார்கள். அது உள்ளே இருப்பவருக்கு. வெளியே நிற்பவருக்கு? தில்லி ஐ.ஐ.டி. ஒரு கருவி செய்திருக்கிறது. கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், வந்து நிற்கும் பஸ் தன் நம்பரைத் தானே சொல்லும். வாசலருகே இருந்து குரல் வருவதால் வாசலும் தெரியும். யாரையும் கெஞ்ச வேண்டாம்!

இந்த ஊரில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்டவர் இறைவன். அந்தச் சுந்தரர் பின்னாளில் திருவொற்றியூரில் பார்வை இழந்தபோது, என்ன கொடுத்தார்? கண் காஞ்சியிலும் ஆரூரிலும்தான். அதற்கு முன்னால், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கொடுத்தார்! கருணைக் கடலே முதலில் நடக்க ஏற்பாடு செய்தது ஐயா! (பலத்த கைதட்டல்)

போக்குவரத்து வசதி உரிமை என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கருணை இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கருணை வந்தால்தான் பயணம் என்பது யாசகம். வராவிட்டாலும் பயணம் என்பதே மரியாதை. ஆகவே நடுவர் அவர்களே, முறையான ஏற்பாடே என்று தீர்ப்பளியுங்கள்.