சிறை மீண்டோரும் வான்வழித் தொழிலும்

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலை பெற்றார். அதற்கு முன்னர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தவர் அவர். வெளியே வந்தபோது கப்பல் இல்லை. வழக்கறிஞர் தொழில் நடத்துவதற்குரிய சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வணிகங்கள் செய்து பார்த்தார்; நிலைக்கவில்லை. வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்த பிறகே மீண்டும் நீதிமன்றப் படி ஏறினார். அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்றே பெயரிட்டார். நாட்டுக்காகச் சிறை புகுந்தவருக்கே இந்நிலை என்றால், களவிலோ அடிதடியிலோ சிக்கித் தண்டனை பெற்று மீள்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கோயம்புத்தூருக்கும் கண்ணனூருக்கும் நடுவே கிடப்பது பாலக்காட்டுக் கணவாய். அதன் கீழ்ப்பகுதியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை. தெற்கே மலைமீது தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு. நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் எல்லைப்புறம் இது. இங்கிருந்து சிறை சென்று திரும்புவோருக்கு எத்தொழிலைக் கற்பிக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருச்சூரை அடுத்த விய்யூர் மத்தியச் சிறையில் கைதிகள் செய்யும் சப்பாத்தியும் பிரியாணியும் கேரளத்தில் பெயர் பெற்றவை. 2019இல் அவற்றை இணையவழியாகவும் விற்கத் தொடங்கினர். நல்ல முயற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த அடுப்பு சிறைக்குச் சொந்தம். சிறையின் பெயரைக் கேட்டு விரும்பி வாங்குகின்ற அதே மக்கள், அங்கே சமைத்தவர் விடுதலையாகி வந்து உணவு விடுதியில் வேலை கேட்டால், அதே பெயரைக் கேட்டுக் கதவை அடைக்கின்றனர். கைத்தொழில் கையோடு வந்தது; அதற்குச் சான்று கூறும் தாள் ஒன்று கூட வரவில்லை.

ஆகவேதான் டிரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியை இயக்கும் பயிற்சியை நாம் எண்ணிப் பார்க்கிறோம். 2021ஆம் ஆண்டின் விதிகள் இயக்குநர் சான்றிதழுக்கு வகுத்துள்ள தகுதிகள் மூன்று: வயது 18க்கும் 65க்கும் இடைப்பட்டிருத்தல், பத்தாம் வகுப்பில் தேறியிருத்தல், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்று முடித்தல். சான்றிதழ் பத்தாண்டுகள் செல்லும். முன்பு கடவுச்சீட்டு வேண்டும் என்றிருந்தது. வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு அது எளிதில் கிடைப்பதன்று; ஏழைக்கோ அதைப் பற்றிய நினைவே எழுவதில்லை. 2023இல் அந்தத் தடையை நீக்கி, வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றையும் ஏற்கலாம் என்றனர். செய்தித்தாளில் ஓரமாக வந்து போன இத்திருத்தம் நமக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது.

எஞ்சி நிற்பது பத்தாம் வகுப்பு. தோட்டத்திலும் கூலி வேலையிலும் வளர்ந்த பலர் இவ்விடத்தில்தான் தடுக்கி விழுவர். எனவே விமானப் பயிற்சிக்கு முன்னே எழுத்துப் பயிற்சி வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது தமிழிலேயே அமைதல் வேண்டும். சிறையில் கழியும் நாட்கள் இதற்குப் போதும். பயிற்சிக் கட்டணத்துக்கு ஒரு பகுதி சிறைக் கூலியிலிருந்தே வரலாம். கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பங்கைக் குற்றத்தால் துன்புற்றோருக்கு ஒதுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1998இல் கூறியிருக்கிறது. அப்பங்கை மறந்துவிட்டுப் புனர்வாழ்வு பேசுவது நமக்கு உடன்பாடன்று.

கருவியின் விலைதான் மலைக்க வைக்கும். பயிருக்கு மருந்து தெளிக்கும் டிரோன் பல இலட்சம் ரூபாய் பெறும். தனியொருவர் வாங்குவதைக் காட்டிலும், அரசு மானியம் பெறும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வாங்க, பயிற்சி பெற்றவர் அதனைக் கூலிக்கு இயக்குவதே நடக்கக்கூடியது. மலைப்பக்கத்தில் வேலையின் இயல்பு வேறு. ஏலக்காய் நிழல்மரங்களின் அடியில் வளர்வதால் மேலிருந்து தெளிப்பது அரிது. ஆனால் மலைச்சரிவை மேலிருந்து நோக்கிப் படமெடுக்கும் பணி உண்டு. 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் மாண்டதையும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார் என்பதையும் நாம் மறக்கவில்லை. 2024இல் வயநாட்டு நிலச்சரிவின்போது தேடுதலுக்கு டிரோன்கள் பயன்பட்டன.

இன்னுமொன்று. வானிலிருந்து மருந்து தெளிப்பதைக் கேரளம் அச்சத்தோடு நோக்குவதற்குக் காரணம் உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளித்ததன் துயரம் இன்னும் தீரவில்லை. முதலமடையின் மாந்தோப்புகளிலும் அந்நஞ்சு பயன்பட்டதுண்டு. ஆகவே விசையை அழுத்தக் கற்றால் மட்டும் போதாது; மருந்தின் இயல்பையும், கிணற்றுக்கும் குடியிருப்புக்கும் விடவேண்டிய தூரத்தையும் கற்றாக வேண்டும். இதில் தவறு செய்கிறவர் சிறை கண்டவராயினும் காணாதவராயினும் தீங்கு ஒன்றே.

வேற்று மாநிலத்தில் வாழும் நேயர்களே, நீங்களும் நாங்களும் முன்பின் அறியாத ஊரில் போய் இறங்கியவர்கள். நம்மை வேலைக்கு வைத்தவர் நம் பழங்கதையைத் துருவவில்லை. நாளைக் காலையில் வருவாயா என்றுதான் கேட்டார். சொந்த ஊருக்குத் திரும்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. அங்கே அனைவருக்கும் அவர் கதை தெரியும். உங்கள் நிலம் அவ்வெல்லையில் இருக்குமானால், அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கோ மைத்துனருக்கோ இதுபற்றி ஒரு கடிதம் எழுதலாம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் முதற்போக நெல் வளரும் பருவம் கணவாய்க் காற்று வீசும் பருவமாகவும் அமைகிறது. மழை விட்ட நாளில், விடியற்காலையிலேயே கருவியைக் கிளப்பி, காற்று வலுக்குமுன் வேலையை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, மருந்தின் அளவு என்ன, காற்று எத்திசையில் அடிக்கிறது என்று கேட்கட்டும்.